ஹாப்பரின் ஆளில்லாத தெரு: எந்த அச்சுப்பிரதியில் அந்த அமைதி மிஞ்சுகிறது?

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1930-ல் வரைந்த ‘ஏர்லி சண்டே மார்னிங்’ ஓவியத்தின் அச்சுப்பிரதிகள் பெரும்பாலும் மூன்று வகையில் விற்கின்றன: ஆஃப்செட் போஸ்டர், பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் மையால் (நுண்ணிய நிறத்துகள்கள் கொண்ட மை) அடித்த ஜிக்லே எனும் உயர்தர இன்க்ஜெட் அச்சு, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பளபளப்பில்லாத பருத்திக் காகிதத்தில், ஓரம் நறுக்காமல், 75 முதல் 90 சென்டிமீட்டர் அகலத்தில் அடித்த ஜிக்லேதான் வாங்க வேண்டியது. நல்ல போஸ்டர் இரண்டாவது இடம். மூன்றில் விலை அதிகமாகவும், பார்வைக்கு ‘நிஜ ஓவியம்’ போலவும் இருக்கிற கேன்வாஸ்தான் இந்த ஓவியத்துக்கு மிக அதிகக் கெடுதல் செய்கிறது. ஏன் என்பதற்கு ஓவியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தாக வேண்டும்.

படத்தில் இருப்பது நியூயார்க்கின் ஒரு தெரு. இரண்டு மாடி செங்கல் கட்டடம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீண்டு கிடக்கிறது. மேலே சிவந்த சுவரில் வரிசையாக ஜன்னல்கள். திரைகள் ஒன்றில் முழுதும் இறங்கியிருக்கின்றன, இன்னொன்றில் பாதி, மற்றொன்றில் வேறு நிறம். கீழே பூட்டிய கடைகள். நடைபாதையில் ஒரு தீயணைப்புக் குழாய், முடிதிருத்தும் கடைக்கு அடையாளமான, பட்டை போட்ட ஒரு சலூன் கம்பம், அவற்றின் நீண்ட நிழல்கள். மேலே ஒரு கீற்று வெளிர்நீல வானம். வலது மேல் மூலையில் மட்டும், பின்னால் ஏதோ உயர்ந்த கட்டடம் நிற்கிறது என்று காட்டும் ஒரு கரிய கட்டம். வேறு ஒன்றும் இல்லை. ஆள் இல்லை, வண்டி இல்லை, நாய்கூட இல்லை.

ஆள் இல்லாதது தற்செயல் அல்ல. மாடி ஜன்னல் ஒன்றில் முதலில் ஓர் உருவத்தை வரைந்துவிட்டுப் பிறகு ஹாப்பரே அதன் மேல் வண்ணம் பூசி மறைத்தார். தலைப்பும் அவர் வைத்ததல்ல. அவர் வைத்த பெயர் ‘செவன்த் அவென்யூ ஷாப்ஸ்’. ஞாயிற்றுக்கிழமை என்பதைப் பின்னால் வேறு யாரோ சேர்த்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். செவன்த் அவென்யூ ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடும் சாலை. விடியற்காலை வெயிலில் நடைபாதையோடு ஒட்டி இப்படி நிழல் நீண்டு விழ அங்கே வழியில்லை. ஆக, அந்த வெளிச்சமும் ஓவியர் கட்டியதே. ‘விடியற்காலை என்றால் பொன்னிறமாக இருக்க வேண்டும்’ என்று நினைத்து மஞ்சளைக் கூட்டி அடிக்கும் அச்சகங்கள் உண்டு. இந்தப் படத்தில் திருத்தி எட்டவேண்டிய இயற்கை வெளிச்சம் என்று ஒன்று கிடையாது. அவர் வைத்ததை அப்படியே எடுத்து வைப்பதுதான் அச்சின் வேலை.

அமைதி வருவது பெரும்பாலும் இந்தப் படத்தின் நீளத்திலிருந்து. மூலம் 153 சென்டிமீட்டர் அகலம், 89.4 சென்டிமீட்டர் உயரம், எண்ணெய் வண்ணம், கேன்வாஸ். அகலம் உயரத்தைப்போல் 1.71 மடங்கு. கண் இடமிருந்து வலமாகப் போகிறது. பிடித்து நிறுத்த முகமோ அசைவோ இல்லாததால் போய்க்கொண்டே இருக்கிறது. கட்டடம் இரண்டு பக்கமும் சட்டத்துக்கு வெளியே தொடர்வதால் தெருவுக்கு முடிவும் தெரிவதில்லை. வானம், சுவர், கடை, நடைபாதை, சாலை என்று எல்லாம் கிடைக்கோட்டுப் பட்டைகளாக அடுக்கியிருக்கிறது. அந்தப் பட்டைகளைக் குறுக்கே வெட்டி நிற்பவை மிகச் சில. அவற்றுள் கனமானது வலது மூலைக் கரிய கட்டம். அதை ஒரு விரலால் மறைத்துப் பாருங்கள், படம் வெறும் அழகான கடைவீதி ஆகிவிடும். அந்த இருள்தான் தெருவின் நிம்மதியை லேசாகக் கலைக்கிறது, அதனால்தான் அமைதி காதில் கேட்கிறது.

அச்சில் நடக்கும் பெரிய தவறும் இங்கேதான் தொடங்குகிறது. கடைகளில் கிடைக்கும் ஆயத்த பிரேம் அளவுகளில் அதிகம் புழங்குவது 24 × 36 அங்குலம். அதன் விகிதம் 1.5. இந்த ஓவியத்தை 24 அங்குல உயரத்துக்குக் கொண்டுவந்தால் அகலம் 41 அங்குலம் வரும். பிரேமுக்குள் அடைக்க 5 அங்குலத்தை, அதாவது அகலத்தில் சுமார் 12 சதவீதத்தை, வெட்டியெறிய வேண்டும். ஏ1, ஏ2 அளவுகளில் அடித்தால் இன்னும் மோசம்: 17 சதவீதம் போகும். வெட்டு வலப்பக்கமாக விழுந்தால் முதல் பலி அந்தக் கரிய கட்டம். இரண்டு பக்கமும் சமமாக வெட்டினால் கட்டம் குறுகிப்போய் ஒரு கறை போலத் தெரியும், தெருவும் தன் நீளத்தை இழந்து ஒரு பெட்டிக்குள் நிற்கும். சில விற்பனையாளர்கள் வெட்டாமல், படத்தைப் பக்கவாட்டில் அமுக்கி அடைத்துவிடுகிறார்கள். ஜன்னல்கள் ஒல்லியாகிவிடும். உருவமே இல்லாத படம் என்பதால் வாங்குபவர் கண்ணில் இது சட்டென்று படுவதில்லை.

எனவே வாங்கும் முன் ஓர் எளிய கணக்கு. விற்பனைப் பக்கத்தில் கொடுத்திருக்கும் ‘பட அளவு’ அகலத்தை உயரத்தால் வகுங்கள். தாள் அளவை எடுத்துக்கொள்ளக் கூடாது, படத்தின் அளவைத்தான். விடை 1.69-க்கும் 1.73-க்கும் இடையில் இருந்தால் சரி. 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு உயரம் 35, 75-க்கு 43.8, 90-க்கு 52.6, 100-க்கு 58.4. பட அளவு என்று தனியாக எதுவும் கொடுக்காமல் தாள் அளவு மட்டும் போட்டிருந்தால், வெட்டியிருப்பார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். கேட்டுத் தெளிந்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

இப்போது கேன்வாஸ். சட்டத்தின் பக்கவாட்டிலும் படம் மடங்கி ஒட்டியிருக்கும் பாணியில்தான் இவை பெரும்பாலும் வருகின்றன. சட்டம் 4 சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். 75 × 43.8 சென்டிமீட்டர் படத்தில் நாலு பக்கமும் 4 சென்டிமீட்டர் மடங்கினால், முன்னால் தெரிவது 67 × 35.8 மட்டுமே. அகலத்தில் சுமார் 11 சதவீதம், உயரத்தில் 18 சதவீதம் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. மேலே வானக் கீற்று ஏற்கெனவே ஒடுக்கமானது, அது கிட்டத்தட்ட காணாமல் போகும். கீழே நடைபாதை விளிம்பும் சாலையும் குறையும். கரிய கட்டம் மூலையில் மடிந்து ஒளிந்துகொள்ளும். தெரு மூச்சுவிட இடமில்லாமல் நிற்கும்.

இரண்டாவது குறை நெசவு. அச்சுக் கேன்வாஸின் இழை சீராக, முரடாக, படம் முழுக்க ஒரே மாதிரி ஓடும். ஹாப்பரின் தூரிகை அப்படி இல்லை. சுவரில் ஒரு மாதிரி, கண்ணாடியில் ஒரு மாதிரி, நடைபாதையில் இன்னொரு மாதிரி. செயற்கை இழை அந்த வேறுபாட்டின்மேல் ஒரே சல்லடையைப் போர்த்துகிறது. அதற்கு மேல் பாதுகாப்புக்கென்று பூசும் வார்னிஷ் பளபளத்தால், விளக்கு வெளிச்சம் இழைகளில் சிதறிப் புள்ளி புள்ளியாக மின்னும். கேன்வாஸ்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால் இரண்டு நிபந்தனை வையுங்கள்: பக்கவாட்டில் படம் மடியாமல் வெறும் வெள்ளை அல்லது ஒரே நிற ஓரம், மேலே பளபளப்பற்ற வார்னிஷ். ஓரத்தில் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அடிக்கும் வழியும் உண்டு. முன்பக்கம் தப்பித்தாலும், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கட்டடம் தன்மேலேயே மடிந்ததுபோல் இருக்கும். இந்தப் படத்துக்கு அது பொருந்தாது.

போஸ்டர் நேர்மையான பொருள். 170 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாள், சியான் எனும் பச்சைநீலம், மெஜந்தா எனும் ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மை, குறைந்த விலை. அருங்காட்சியக வெளியீடாக வரும் போஸ்டர்களில் பொதுவாகப் படம் வெட்டாமல், சுற்றிலும் வெள்ளை விட்டு, கீழே பெயரும் ஆண்டும் அச்சாகியிருக்கும். இதன் வரம்பு எங்கே என்றால், சிவப்பில். அந்தச் செங்கல் சுவர் தக்காளிச் சிவப்பு அல்ல. கொஞ்சம் பழுப்பும் கருமையும் கலந்து, வெயில் பட்டும் அடங்கியே இருக்கும் சிவப்பு. ஆஃப்செட்டில் அது மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து, ஒரு துளி சியானாலும் கறுப்பாலும் அடக்கப்பட்டு வர வேண்டும். அந்தத் துளி குறைந்தால் சுவர் ஆரஞ்சுக்குத் தாவும், கூடினால் ஊதாவுக்கு. சுவருக்குக் கீழே கடை முகப்புகளில் பச்சை இருக்கிறது. சிவப்பும் பச்சையும் வண்ணச் சக்கரத்தில் எதிரெதிர். இரண்டையும் கொஞ்சம் தூக்கிவிட்டால் ஒன்றையொன்று உந்தித் துடிக்க ஆரம்பிக்கும். கடைக்காரர்கள் விளம்பரத்தில் ‘துடிப்பான வண்ணங்கள்’ என்று எழுதுவது இந்த ஓவியத்துக்கு ஓர் எச்சரிக்கைதான். அமைதியான தெரு சத்தம் போட ஆரம்பித்துவிடும்.

போஸ்டரின் இன்னொரு பலவீனம் வெயில். ஆஃப்செட் மைகளில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும், சியான் நின்றுவிடும். ஜன்னலோரம் மாட்டிய போஸ்டரெல்லாம் நீலம் பாய்ந்து போவது இதனால்தான். இந்தப் படத்தில் செங்கல் முழுவதும் மெஜந்தாவிலும் மஞ்சளிலும்தான் உயிர் வாழ்கிறது. வானம் அப்படியே இருக்க, கட்டடம் மட்டும் செத்துப்போகும்.

ஜிக்லே என்பது நல்ல இன்க்ஜெட் அச்சுதான், பெயரில் மயங்க வேண்டாம். பெயரைவிட உள்ளே இருப்பது முக்கியம்: பிக்மென்ட் மை, 8 முதல் 12 நிறங்கள் கொண்ட அச்சு இயந்திரம், 300 ஜிஎஸ்எம்மை ஒட்டிய பருத்திக் காகிதம், காகிதத்துக்கேற்ற ஐசிசி புரொஃபைல் (நிறங்களைச் சரியாக அடிக்க வைக்கும் கோப்பு). டை மை (கரைந்த சாய மை) கொண்டு அடித்ததையும் சிலர் இதே பெயரில் விற்கிறார்கள். அது பார்வைக்குப் பளிச்சென்றிருக்கும், சீக்கிரம் வெளுக்கும். எந்த மை, எந்தக் காகிதம் என்று எழுதாத விற்பனைப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். காகிதத்தில் ஒளியூட்டி வேதிப்பொருள் இல்லாததாகப் பார்ப்பதும் நல்லது. அது உள்ள காகிதம் தொடக்கத்தில் நீலவெள்ளையாகப் பளிச்சிடும், ஆண்டுகள் போகப்போகச் சீரற்று மஞ்சளாகும்.

பளபளப்பில்லாத மேட் காகிதத்துக்கு ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பளபளப்புக் காகிதம் எட்டும் ஆழமான கறுப்பை மேட் காகிதம் எட்டாது. கறுப்பின் அடர்த்தியை அளக்கும் அளவையில் மேட் ஏறக்குறைய 1.6, 1.7-லேயே நின்றுவிடும், பளபளப்பு 2-ஐத் தாண்டும். ஹாப்பரின் 1942 ஓவியமான ‘நைட்ஹாக்ஸ்’ பிரதி வாங்குவதாக இருந்தால் இந்தக் குறை பெரிது. அது இருட்டின்மேல் நிற்கும் படம், அதற்கு பரைட்டா எனும் அரைப் பளபளப்புள்ள காகிதமே ஏற்றது. ‘ஏர்லி சண்டே மார்னிங்’ நடுத்தர ஒளியில் நிற்கும் படம். இதில் முழுக்கறுப்பு தேவைப்படும் இடம் மிகக் குறைவு. மேட் காகிதத்தின் தூள்போன்ற மேற்பரப்பு சுவருக்கும் நடைபாதைக்கும் கச்சிதமாக அமைகிறது.

கறுப்பில் கவனிக்க வேண்டியது ஆழம் அல்ல, பிரிவு. பூட்டிய கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் கருமை மட்டும் இல்லை. உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஊகிக்கும் அளவுக்கு மங்கலான நிறபேதங்கள் உண்டு. மலிவான அச்சில் இவை எல்லாம் ஒரே கறுப்பாகக் கெட்டியாகிவிடும். அப்போது கடைகள் பூட்டியிருப்பதாகத் தோன்றாது, காலியாகிவிட்டதாகத் தோன்றும். உறங்கும் தெருவுக்கும் கைவிடப்பட்ட தெருவுக்கும் உள்ள வித்தியாசம் இந்த நிழல்களில்தான் இருக்கிறது.

கோப்பு வாங்கி உள்ளூர் அச்சகத்தில் அடித்துக்கொள்ளலாமா என்ற கேள்வி வரும். முதலில் சட்டம்: இந்தியாவில் ஓவியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை, ஹாப்பர் மறைந்தது 1967-ல். உரிமம் பெற்ற பிரதியே பாதுகாப்பானது. அடுத்து, தெளிவு. 75 சென்டிமீட்டர் அகலத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமானால் 8,858 பிக்சல் தேவை. 200 டிபிஐ-யே போதும் என்று இறங்கினாலும் 5,906. இணையத்தில் கிடைக்கும் 2,000 பிக்சல் படத்தை அந்த அளவுக்கு இழுத்தால் 68 டிபிஐ-தான் மிஞ்சும். அதை மென்பொருளால் பெருக்கிக் கூர்மையாக்கினால் முதலில் கெடுவது கடைப் பலகைகள். ஹாப்பர் எழுத்துகளை வாசிக்க முடியாத வண்ணத் தீற்றல்களாகவே விட்டிருக்கிறார். பெருக்கும் மென்பொருள் அவற்றை எழுத்தாக்க முயன்று, எந்த மொழியிலும் சேராத கோணல் வடிவங்களைப் பொறித்துவிடும். சலூன் கம்பத்தின் பட்டைகளிலும் இதே கோளாறு. விற்பனையாளர் அனுப்பும் மாதிரிப் படத்தில் இந்த இரண்டு இடங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் கோப்பின் தரம் தெரிந்துவிடும்.

பிரேமில் பலரும் சறுக்குவது, படத்தைச் சுற்றி வைக்கும் மவுன்ட் அட்டையின் நிறத்தில். பிரேம் கடையில் கேட்காமலே பளீர் வெள்ளையை எடுத்து வைப்பார்கள். இந்த ஓவியத்தில் வெயில் பட்ட நடைபாதைதான் மிக வெளிச்சமான இடங்களுள் ஒன்று, அதுவே சற்று மங்கிய வெளிச்சம்தான். அதைச் சுற்றிலும் அதைவிட வெள்ளையான ஓர் ஓரம் வந்தால், வெயில் அழுக்காகத் தெரியும். தந்த வெள்ளை அல்லது மிக இளம் சாம்பல் நிற அட்டை கேளுங்கள், அமிலமற்றதாக. 75 × 43.8 படத்துக்கு மூன்று பக்கம் 7 சென்டிமீட்டர், அடியில் 8 விட்டால் வெளியளவு 89 × 58.8 வரும். படத்தின் ஓரத்தை அட்டை 3 மில்லிமீட்டருக்கு மேல் மூடக் கூடாது. முடிந்தால் ஓரத்தை மூடாமல், தாளின் வெள்ளையில் 5 மில்லிமீட்டர் தெரியும்படி விடச் சொல்லுங்கள். வலது மூலை முழுதாகத் தெரிவதற்கு அதுவே நிச்சயமான வழி. சட்டம் 2 சென்டிமீட்டர் அகல அடர்ந்த மரம் போதும். தங்க நிறப் பூவேலைச் சட்டம் இந்தத் தெருவுக்கு ஆகாது.

தாளை அட்டையில் முழுதும் ஒட்டவிடாதீர்கள். மேல் விளிம்பில் இரண்டு கீல், மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் கொண்டு, அவ்வளவுதான். காகிதம் ஈரப்பதத்துக்கு விரிந்து சுருங்கும். நாலு பக்கமும் செல்லோடேப் ஒட்டி இறுக்கினால் மழைக்காலத்தில் அலை அலையாக எழும். கிடைக்கோடுகளால் ஆன படத்தில் ஓர் அலை எழுந்தால் கட்டடமே கோணலாகிவிடும்.

கண்ணாடி விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். சாதாரணக் கண்ணாடி இரண்டு பரப்பிலும் சேர்த்து சுமார் 8 சதவீத ஒளியைத் திருப்பும். ஆளில்லாத தெருவில் பார்ப்பவரின் உருவம் நடமாடிக்கொண்டிருக்கும். எதிரொளி தடுக்கும் கண்ணாடி இதை 1 சதவீதம் அளவுக்குக் குறைக்கும், விலைதான் கூடுதல். சொரசொரப்பான, மலிவான ‘நான்-கிளேர்’ கண்ணாடி எதிரொளியைத் தடுக்காது, கலங்கலாக்கும். மவுன்ட் அட்டையால் தாளிலிருந்து அது விலகியிருக்கும்போது படமே மங்கிவிடும். எடையும் பாருங்கள்: மேற்சொன்ன அளவுக்கு 3 மில்லிமீட்டர் கண்ணாடி 3.9 கிலோ, அதே கனத்தில் அக்ரிலிக் 1.9 கிலோ. அக்ரிலிக் தூசியை இழுக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானை அதன்மேல் தெளித்தால் பாழாகும்.

மாட்டும் உயரம் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர். 90 சென்டிமீட்டர் பிரதியை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்படி இடம் வேண்டும். குறுகிய நடையில் மாட்டினால் தெருவை முழுதாக ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. விளக்கு 3,000 முதல் 4,000 கெல்வின், நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் (சிஆர்ஐ) 90-க்கு மேல், சுவருக்கு 30 பாகை சாய்வில். 2,700 கெல்வின் மஞ்சள் விளக்கில் செங்கல் பொங்கும், வானம் சாம்பலாகும். 6,500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டில் சுவர் ஊதா படியும்.

டிஜிட்டல் பிரேமிலோ தொலைக்காட்சியிலோ வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 16:9 திரையின் விகிதம் 1.78. இந்த ஓவியத்துக்கு அது மிக அருகில். மேலும் கீழுமாகச் சேர்த்து 4 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வெட்டு விழும். அதையும் தவிர்த்து, பக்கங்களில் மெல்லிய சாம்பல் ஓரம் விடலாம். திரையின் ஒளியளவை அறையின் சுவரளவுக்குக் குறைக்காவிட்டால், வெயில் விளம்பரப் பலகையாகிவிடும்.

பிரதி வந்து சேர்ந்ததும் உருளையிலிருந்து எடுத்து, ஒரு நாள் சமதளத்தில் படியவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் வானத்தில் வையுங்கள். பூவிதழ்போல் வட்டமாகச் சேர்ந்த புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட். ஜிக்லே விலை கொடுத்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். பிறகு நான்கு மூலைகள், ஜன்னல்களின் உயர அகலம், கடைப் பலகைத் தீற்றல்கள், கண்ணாடிக்குள் இருளின் பிரிவு. வானத்தில் படிப்படியாகக் கோடு விழுந்திருந்தால் கோப்பு அதன் கணினி அளவைக் குறைக்க அழுத்தப்பட்டிருக்கிறது, அதுவும் திருப்ப வேண்டியதே. ஒப்பிட்டுப் பார்க்க நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தின் தளத்தில் இருக்கும் படத்தை வைத்துக்கொள்ளலாம், மூலம் அவர்களிடம்தான் இருக்கிறது. நேரில் பார்க்கும் வாய்ப்பு இருந்தால் அந்த அருங்காட்சியகம் இருக்கும் 99 கான்ஸ்வோர்ட் தெருவுக்குப் போகுமுன், அந்த நாளில் ஓவியம் காட்சியில் இருக்கிறதா என்று அதே தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டர் அகலத் தெருவின் எதிரே நின்றுவிட்டு வந்தவர்கள் 40 சென்டிமீட்டர் பிரதியை வாங்க மாட்டார்கள்.